காட்டுநாயக்கர்: ஒரு பெயரும் ஒரு வகுப்பறையும்

2023இல் 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படம் ஆஸ்கர் விருது பெற்றபோது, நீலகிரியின் தெப்பக்காடு யானை முகாமில் யானைக்குட்டிகளைப் பராமரித்த பொம்மன், பெள்ளி பெயர்களோடு 'காட்டுநாயக்கர்' என்ற அவர்களின் பழங்குடிப் பெயரும் உலகச் செய்தியில் அடிபட்டது. பெயர் தமிழாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அது கடந்துவந்த வழி நேரானதல்ல.

தெப்பக்காட்டுக்கு வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு. கன்னட நாட்டில் 'ஜேனு குருபர்' என்றும், மலையாளத்தில் 'தேன் குறுமர்' என்றும் அழைக்கப்படுவோரையும் காட்டுநாயக்கரையும் ஒரே இனத்தாராகவே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். ஜேனு என்பது கன்னடத்தில் தேன்; தமிழ்த் 'தேன்', தெலுங்குத் 'தேனெ' இரண்டுக்கும் உறவுச் சொல். ஆக, முதற்பாதி தொழிலைச் சொல்கிறது: உயர்ந்த மரமேறித் தேனெடுப்பவர்.

குருபர், தமிழில் குறும்பர், என்ற பிற்பாதியில்தான் சிக்கல். பழந்தமிழில் 'குறும்பு' என்றால் அரண். குறுநிலத் தலைவரின் கோட்டை. அங்கிருந்து ஆண்டவரும் அடங்காதவரும் குறும்பர் ஆயினர். வேந்தனை அலைக்கழிக்கும் குறும்பு இல்லாததே நாடு என்கிறார் வள்ளுவர். இன்று அச்சொல் தேய்ந்து, பிள்ளைகளின் சேட்டையைக் குறிக்கிறது. 'குறி' என்னும் கன்னடச் சொல்லுக்கு ஆடு என்று பொருள் என்பதால், குருபர் என்றால் இடையர் என்பாரும் உண்டு. சமவெளிக் குருபருக்கு அது பொருந்தும். ஆடு மேய்க்காத காட்டினருக்கு எப்படிப் பொருந்தும்? நீலகிரியில் பெட்ட குறும்பர் உண்டு. பெட்ட என்றால் மலை. ஆலு குறும்பர், முள்ளு குறும்பரும் உண்டு. இவர்களின் மொழிகள்கூட வேறுவேறு. குறும்பர் என்பது பலரை ஒரே கூரையின்கீழ் அடைத்த பெயர்.

காட்டுநாயக்கர் என்பதில் உள்ள 'நாயக' வடசொல், தலைவன் என்று பொருள். விசயநகரக் காலத்தில் படைத்தலைவரின் பட்டமாகி, மதுரை, தஞ்சை, செஞ்சி ஆண்ட மரபுகளின் பெயராயிற்று. பின்னர் சமவெளிச் சாதிகளின் பட்டமுமானது. இந்த ஒலியொப்புமையால் தமிழ்நாட்டில் காட்டுநாயக்கன் என்ற பழங்குடிச் சான்றிதழைச் சுற்றி எழுந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. பழங்குடிப் பட்டியலில் குறும்பரும் காட்டுநாயக்கனும் தனித்தனி வரிகள். காட்டில் இருப்பவரோ தம்மை வெறுமனே 'நாயக' என்றே சொல்லிக்கொள்வதுண்டு.

இந்தப் பெயர் வரலாறு பள்ளிக்கு எதற்கு? கன்னடத்துக்கு நெருங்கிய மொழி பேசும் வீட்டிலிருந்து முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்குத் தமிழ் இரண்டாம் மொழி. அரசியலமைப்பின் 350ஏ பிரிவும், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் தாய்மொழி வழியைத்தான் சொல்கின்றன. பாடநூல் 'தேன்' என்று ஒரு சொல்லும் ஒரு படமும் தந்து நகர்ந்துவிடும். தேனெடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கோ மலைத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் எல்லாம் தனித்தனி. எந்தக் கூட்டில் எந்தப் பூச்சி, எது கொட்டும், எது கொட்டாது என்பது அதற்குத் தெரியும். 'ஜேனு' என்று அது சொன்னால் பிழை என்று அடிக்கோடிடாமல், பக்கத்தில் 'தேன்' என்று எழுதினாலே மொழிப்பாடம் தொடங்கிவிடும்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்றுண்டு. இம்மக்களிடையே தங்கி ஆய்ந்த மானுடவியலாளர் நூரிட் பேர்ட்-டேவிட், அவர்கள் காட்டைப் பெற்றோர் முறையில் வைத்துப் பேசுவதை 1990இல் எழுதினார். 'காடு நமக்கு என்னென்ன தருகிறது?' என்ற சூழ்நிலையியல் கேள்விக்கு மரம், மூலிகை, மழை என்று விடை எழுதலாம். பெற்றவர்கள் தருவதைப் பட்டியலிடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ஒரு கணம் விழிக்கத்தான் செய்யும்.

நியூசிலாந்து மாவோரிகள் 1982இலேயே தம் மொழியில் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினர். நாம் அவ்வளவு தொலைவு பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துக் கூடலூரில் வித்யோதயா பள்ளி, பழங்குடிச் சமூகத்தவரையே ஆசிரியராக்கி அவர்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது.

எனவே மலைப்பள்ளிக்குப் பணிமாற்றம் பெற்றுவரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவேட்டின் சாதிப் பத்தியைச் சான்றிதழ் பார்த்து நிரப்புங்கள்; அது சட்டம். அதோடு நிறுத்தாமல், வீட்டில் உங்களை என்னவென்று சொல்லிக்கொள்வீர்கள் என்று பிள்ளையிடமும் கேளுங்கள். அந்த விடையை எழுதிக்கொள்ள நம் பதிவேடுகளில் இன்னும் பத்தி இல்லை. அதைச் சேர்ப்பது கல்வித்துறையின் கடமை.