மோராய் வட்டங்களும் மாராஸ் உப்புப் பாத்திகளும்

பெரு நாட்டுக்குப் போய்வந்தேன் என்றதும் நம் குடியிருப்பில் எல்லோரும் கேட்டது மச்சு பிச்சுவைப் பற்றித்தான். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது, கூஸ்கோ நகரிலிருந்து காலையில் வேனில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஒரு அரை நாள் பயணத்தை. இரண்டே இடங்கள்: மோராய், மாராஸ். முதலாவது இன்காக்களின் படிநிலம். இரண்டாவது மலைச்சரிவில் இருக்கும் உப்பளம்.

கூஸ்கோவே 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு மெதுவாக நடக்க வேண்டியதுதான்.

மோராய் போய்ச் சேரும்வரை ஒன்றும் தெரியாது. சமவெளி மாதிரி புல்வெளி. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால் கீழே வட்டத்துக்குள் வட்டமாகக் கற்சுவர் கட்டிய படிகள், பெரிய விளையாட்டு அரங்கம் போல இறங்குகின்றன. பெரிய வட்டத்தின் ஆழம் சுமார் 30 மீட்டர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கச் சுவரிலேயே நீண்ட கற்களைச் செருகி வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது அவை சிறு குச்சிகள் போலத்தான் தெரிகின்றன. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால்தான் அளவு புரிகிறது. அந்தப் பக்கத்து மக்களுக்கு இது என்றுமே தெரிந்த இடம். வெளியுலகம் கவனித்தது 1931-இல் ஷிப்பி, ஜான்சன் என்ற இருவர் விமானத்திலிருந்து பெருவைப் படமெடுத்த பிறகுதான்.

"இது இன்காக்களின் விவசாய ஆராய்ச்சி நிலையம், மேல் படிக்கும் அடிப் படிக்கும் 15 டிகிரி வரை வெப்ப வித்தியாசம்" என்று எங்கள் வழிகாட்டி அடித்துச் சொன்னார். ஜான் ஏர்ல்ஸ் என்ற மானிடவியலாளர் 1970-களில் இந்தப் படிகளின் மண் வெப்பத்தை அளந்து, இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் காட்டியதிலிருந்து வளர்ந்த கதை இது. நம்பத் தோன்றும் கருத்துதான். ஆனால் இன்காக்களிடம் எழுத்து இல்லை. முடிச்சுப் போட்ட நூல்களில்தான் கணக்கு வைத்தார்கள். இங்கே என்ன பயிரிட்டார்கள், எதற்காக என்று அவர்களே எழுதி வைத்த ஏடு எதுவும் கிடையாது. வழிபாட்டிடம் என்போரும் உண்டு. ஆராய்ச்சி நிலையம் என்பதை ஊகம் என்று சொல்லியே காட்டினால் இடத்தின் பெருமை குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

ஊகம் வேண்டாத பெருமை ஒன்று அங்கே கண்ணெதிரே இருக்கிறது: வடிகால். இத்தனை பெரிய குழியில் மழைநீர் தேங்காமல் கீழே இறங்கிப் போய்விடுகிறது. படிகளுக்கு அடியில் கல், சரளை, அதன்மேல் மண் என்று அடுக்கியிருக்கிறார்கள். கற்சுவர் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் பயிருக்குக் கொடுக்கும். ஐந்நூறு ஆண்டுக்கும் மேலாகத் தாங்கிய அந்தப் படிகளின் ஒரு பகுதி 2010-ஆம் ஆண்டின் கடும் மழையில் சரிந்தது. பிறகு மரச் சட்டங்களால் முட்டுக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து மாராஸ் உப்பளம் சிறிது தூரம்தான். வளைந்து இறங்கும் சாலையில் ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. வேனில் எல்லோருடைய பேச்சும் நின்றுபோனது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்னப் பாத்திகள், ஒன்றின் கீழ் ஒன்றாக.

கடல் எங்கே, உப்பு எங்கே என்று கேட்கத் தோன்றும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே நீர்நிலை வற்றிப் படிந்த உப்புப் பாறைகள் மலைக்குள் இருக்கின்றன. அவற்றைக் கரைத்துக்கொண்டு கோரிபூஹியோ என்ற ஊற்று வெளிவருகிறது. கெச்சுவா மொழியில் 'தங்க ஊற்று' என்று பொருள். அந்த ஒரே ஊற்று நீர் கை அகல வாய்க்கால்களில் பிரிந்து ஒவ்வொரு பாத்திக்கும் போகிறது. ஒரு முழம்கூட ஆழமில்லாத பாத்தி நிரம்பியதும் மடையை அடைப்பார்கள். வெயிலில் வற்றியதும் மறுபடி நிரப்புவார்கள். இப்படி ஒரு மாதம் போனால் உப்பு கனமாகப் படியும். அடித்து உடைத்துச் சுரண்டி எடுப்பார்கள். மேலே இருப்பது வெளிர் சிவப்பு கலந்த நல்ல உப்பு, நடுவில் வெள்ளை, அடியில் மண் கலந்தது. மழைக்காலத்தில் வேலை கிடையாது.

இன்காக்களுக்கும் முன்பிருந்தே இங்கே உப்பு எடுத்திருக்கிறார்கள் என்கிறார்கள். அயர் கச்சி என்ற ஆதி இன்கா சகோதரனை மற்றவர்கள் குகைக்குள் அடைத்துவிட, அவன் வடித்த கண்ணீரே இந்த ஊற்று என்பது ஊர்க் கதை. கச்சி என்றால் உப்பு. இன்னொரு சகோதரன் பெயர் அயர் உச்சு. உச்சு என்றால் மிளகாய். நம் சமையலறை மிளகாயும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான் என்பதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

உப்பு இருந்தால் அரசும் வந்து நிற்கும். சிலியிடம் போரில் இழந்த தாக்னா, அரிகா பகுதிகளை மீட்கப் பணம் திரட்டவென்று 1896-இல் பெரு அரசு நாடு முழுவதும் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விலை ஏறியது. அதே ஆண்டு ஊவாந்தாவில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். படை அனுப்பி அடக்கினார்கள்.

இன்று மாராஸ் பாத்திகள் அந்தச் சமூகத்துக் குடும்பங்களின் கையில்தான் இருக்கின்றன. தண்ணீர் பொது, பாத்தி அவரவருடையது. பக்கத்துப் பாத்திக்காரர் கரையைக் கவனிக்காவிட்டால் கீழே இருப்பவருக்குப் பாதிப்பு. மேல் வீட்டுக் கசிவோடு மல்லுக்கட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை! வாய்க்காலை, மடையை, கரையைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளாமல் அங்கே ஒரு பிடி உப்பும் எடுக்க முடியாது.

எங்களைப் போன்றவர்களால்தான் இப்போது தொல்லை. முன்பெல்லாம் பாத்திக் கரைகளின்மேல் நடக்க விட்டார்கள். கூட்டம் பெருகி, குப்பையும் காலணி அழுக்கும் உப்பில் சேரத் தொடங்கியதால் 2019-இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். எங்கள் வேனில் ஒருவர் கிட்டப் போய்ப் படமெடுக்க முடியவில்லை என்று முணுமுணுத்தார். அவர் சாப்பிடும் உப்பின்மேல் யாராவது நடந்தால் சும்மா இருப்பாரா?

இதற்கிடையே பக்கத்திலுள்ள சின்செரோவில் சர்வதேச விமான நிலையம் வருகிறது. 2019-இல் நிலம் சமன்படுத்தத் தொடங்கியபோதே வரலாற்றாளர்களும் தொல்லியலாளர்களும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். வேலை நிற்கவில்லை. விமானம் நேரே அங்கு இறங்கத் தொடங்கினால் கூட்டம் இன்னும் பெருகும்.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம், அப்போதுதான் பாத்திகள் வெள்ளையாக இருக்கும். மோராய் கூஸ்கோவின் பொதுச் சுற்றுலாச் சீட்டில் அடங்கும். உப்பளத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். உப்பை அங்கேயே வாசலில் விற்கிறார்கள். நான் வாங்கி வந்த பொட்டலத்தில் பாதி இன்னும் இருக்கிறது. ருசி பார்க்க வேண்டுமானால் ஒரு சிட்டிகை வாங்கிக்கொள்ளலாம்.