ஒரு பேருக்கு எத்தனை பேர்?

கொம்பியூட்டர் கடையில் சாமான் வாங்கினால் தருகிற பில்லின் அடியில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். நம் நாட்டில் பல கடைகளின் பில்லில் அதில் ஒரு வரி இப்படிப் போகும்: ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள். மிச்ச 15 நாள் எங்கே போச்சு என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசும் இல்லை. நாள் முழுக்க மலையில் நின்றாலும் கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் விழுவதைப் பார்த்து வளர்ந்தவங்கதானே நாம.

பேர் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் இரண்டு அர்த்தம் இருக்கு. ஒன்று, ஒரு நாள் வேலைக்கு விழும் பேர். இன்னொன்று, பெட்டியில் அச்சடித்திருக்கிற கம்பனியின் பேர். கொம்பியூட்டர் பாகம் வாங்கப் போகும்போது இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். பேர்போன கம்பனியின் ஹார்ட் டிஸ்க் கூடுதல் விலை. பேர் தெரியாதது குறைந்த விலை. எதை எடுப்பது? “நல்ல பிராண்டா பாத்து எடு” என்று அண்ணன் சொல்லுவார். “எல்லாம் ஒண்ணுதான், விலை குறைஞ்சதை எடு” என்று நண்பன் சொல்லுவான். இரண்டு பேரும் எதை வைத்துச் சொல்றாங்க என்று தேடிப் பார்த்ததில் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு பேரிலிருந்து தொடங்குவோம். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். தையல் மெஷினை மொத்தப் பணம் கொடுத்து வாங்க முடியாதவங்களுக்குத் தவணைக்குக் கொடுத்ததுதான் அதன் பலம். அந்தப் பேர் வீடுகளுக்குள் நுழைந்ததற்கு மெஷின் உறுதியானது என்பது ஒரு காரணம். டவுனில் கடை இருந்தது, ஊசியும் பாகமும் கிடைத்தது, பழுது பார்க்க ஆள் இருந்தார் என்பது அதே அளவு பெரிய காரணம். பழுதே வராத மெஷின் என்று யாரும் அதை நம்பவில்லை. பழுதானால் கேட்க ஓர் இடம் உண்டு என்றுதான் நம்பினாங்க. பிராண்ட் நம்பிக்கை என்பதன் பழைய அர்த்தம் இதுதான்.

கொம்பியூட்டர் பாகங்களில் இந்த அர்த்தம் குழம்பிப் போச்சு. எப்படி என்று ஹார்ட் டிஸ்க்கின் கதையில் பார்க்கலாம்.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956இல் வெளியிட்ட கம்பனி ஐபிஎம். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய பேர் இருக்க முடியாது. அதே ஐபிஎம் 2000ஆம் ஆண்டில் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற மொடலைக் கொண்டுவந்தது. வேகமான டிஸ்க் என்று நல்ல விமர்சனங்கள் வந்தன. கொஞ்ச காலத்தில் அது வரிசையாகச் சாகத் தொடங்கியது. பாவித்தவங்க டெஸ்க்ஸ்டார் என்ற பேரை டெத்ஸ்டார் என்று மாற்றிக் கூப்பிட்டாங்க. 2001இல் அமெரிக்காவில் வழக்கும் போட்டாங்க. அடுத்த வருஷமே ஐபிஎம் தன் ஹார்ட் டிஸ்க் பிரிவை ஜப்பானின் ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் செய்தது.

“இனி இந்தக் குடும்பத்து டிஸ்க்கைத் தொடவே கூடாது” என்று அன்றைக்கு ஒருத்தர் முடிவெடுத்திருந்தால் அது நியாயம்தான். ஆனால் 2014 ஜனவரிக்கு வாங்க. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பனி மற்றவர்களின் ஃபைல்களை இணையத்தில் சேமித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறது. தன்னிடம் ஓடிக்கொண்டிருந்த 27,000க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளில் எந்தக் கம்பனியின் டிஸ்க் எவ்வளவு பழுதாகிறது என்ற கணக்கை அது வெளியிட்டது. பழுது ஆகக் குறைவாக இருந்தது எது தெரியுமா? ஹிட்டாச்சி. அதன் பெரிய டிஸ்க்குகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை அளவில்தான் பழுதானது. டெத்ஸ்டார் என்று கேலி செய்யப்பட்ட அதே பரம்பரை!

அதே கணக்கில் சீகேட் கம்பனியின் 3 டெராபைட் டிஸ்க் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து அளவில் பழுதானது. அதே சீகேட்டின் 4 டெராபைட் டிஸ்க்கில் அது நாலு அளவுதான். பேர் ஒன்று, மொடல் வேறு, விதி வேறு. ஒரு பிராண்ட் “நல்லது”, இன்னொன்று “கூடாது” என்று நாம கேள்விப்படுறதெல்லாம் பெரும்பாலும் எப்பவோ வந்த ஒரு மொடலின் ஞாபகம். மொடல் மறைந்து பல வருஷமான பிறகும் அந்த ஞாபகம் மட்டும் வாய்வழியாக ஓடிக்கொண்டிருக்கும்.

பேக்பிளேஸ் கதையில் நாங்கள் நின்று யோசித்த இடம் இன்னொன்று. விலை சரியாக இருந்தால் ஹிட்டாச்சியை மட்டுமே வாங்குவோம் என்று சொன்ன அந்தக் கம்பனி, சீகேட்டையும் தொடர்ந்து வாங்கியது. காரணம் விலை. அவங்களுக்கு ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்த தகவலை மற்ற டிஸ்க்குகளிலிருந்து மீட்டுக்கொள்ள வழி இருக்கு. பழுது அவங்களுக்குச் செலவுக் கணக்கில் இன்னொரு வரி. நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அது நூற்றுக்கு ஒன்றாகவோ பத்தாகவோ பழுதாகாது. ஒன்றில் ஓடும், இல்லையென்றால் செத்துப்போகும். உயர்தரப் பரீட்சைக்குச் சேர்த்த நோட்ஸ், ஒப்படை, அக்கா கல்யாணப் படம் எல்லாம் அதோடு போகும். ஒரே புள்ளிவிவரம் ஆளுக்கு ஆள் வேறு முடிவைச் சொல்லும். பழுதின் பாரத்தை யார் சுமப்பது என்பதுதான் வித்தியாசம்.

“சரி, மொடல் பார்க்கிறோம். பெரிய பிராண்டுக்குள் நல்ல பாகம்தானே இருக்கும்?” என்று கேட்கலாம். இதற்கும் ஒரு கதை இருக்கு. 1999 அளவில் தொடங்கிப் பல வருஷம், மதர்போர்டுகளில் இருக்கும் சின்ன உருளை மாதிரியான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க வீங்கி வெடித்தன. தாய்வானில் தயாரான மலிவான கெப்பாசிட்டர்கள் மேல்தான் பெரும்பாலும் பழி விழுந்தது. எபிட் என்ற மதர்போர்ட் கம்பனி, ஆர்வலர்களிடம் பெரிய பேர் எடுத்தது, இதில் பலமாக அடிபட்டது. 2008 முடிவோடு மதர்போர்ட் தொழிலையே விட்டது. டெல் கம்பனி 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற கொம்பியூட்டர்களில் 1 கோடி 18 லட்சம் வரை இந்த ஆபத்தோடு இருந்தன என்ற விவரம், 2010இல் ஒரு வழக்கின் ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. இதைச் சரிசெய்ய டெல் 2005இல் 300 மில்லியன் டொலரை ஒதுக்க வேண்டி வந்தது. டெல்லுக்குள் வீங்கின கெப்பாசிட்டர்களைச் செய்தது யார்? நிச்சிகோன், பேர்போன ஜப்பான் கம்பனி. “ஜப்பான் கெப்பாசிட்டர் போட்டது” என்பதை இன்றைக்கும் விளம்பரத்தில் பெருமையாக எழுதுறாங்க. வெளிப் பேருக்குள் இன்னொரு பேர், அதற்குள் இன்னொன்று. எந்த இடத்தில் சறுக்கும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்போ பேருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீணா? இல்லை. பெரிய பேர் தவறும்போது ஈடுகட்டும் சக்தி அதனிடம் இருக்கும். 1994இல் இன்டெல்லின் பென்டியம் ப்ரொசெசர் சில வகுத்தல் கணக்குகளைப் பிழையாகச் செய்வது தெரியவந்தது. பாதிக்கப்படுவோம் என்று காட்டினால்தான் மாற்றித் தருவோம் என்று கம்பனி முதலில் இழுத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர ஒத்துக்கொண்டு, 475 மில்லியன் டொலர் செலவை ஏற்றது. 2024இலும் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை ப்ரொசெசர்கள் சில பழுதாகத் தொடங்கியபோது வாரண்டியை இரண்டு வருஷம் கூட்டினாங்க. ஆனால் அந்த அறிவிப்பில் கம்பனி நேரடியாகப் பொறுப்பெடுத்தது பெட்டியோடு விற்றவைக்கு. பெட்டியில்லாமல் ட்ரேயில் வந்ததை வாங்கியவர் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். பெட்டியில்லாததை வாங்கி நாம மிச்சம் பிடிக்கும் காசு எதை விட்டுக்கொடுத்து வருது என்று இப்போ தெரியுது.

விலையின் பக்கமும் ஒரு வரலாறு உண்டு. 2011 ஒக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியின் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. சில வாரங்களில் உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது, சிலது இரண்டு மடங்காக. அந்த வருஷக் கடைசியில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் சில மொடல்களுக்கு வாரண்டிக் காலத்தையும் குறைத்தன. விலை ஏறும் காலத்தில் வாரண்டி குறையும் என்பது வாங்குபவர்களுக்கு அன்று கிடைத்த பாடம்.

நம்முடைய வெள்ளம் 2022இல் வந்தது. மார்ச்சில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. 2021இல் 1,000 ரூபாவாக ஆன தோட்டத்து நாள் சம்பளம் அப்போதும் அதே 1,000தான். 50 டொலர் பாகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரியும் கடை லாபமும் சேர்க்காமல், மார்ச் தொடக்கத்தில் அதற்கு 10 பேர் போதும். மே மாதத்தில் 18 பேர். பாகம் அதே பாகம், மலை அதே மலை. 2024 செப்டம்பரில் சம்பளம் 1,350 ஆனபோது டொலர் 300 அளவில் இருந்தது. அப்போ அதே பாகம் 11 பேருக்குக் கொஞ்சம் மேலே. பிராண்டுக்காகக் கூடுதலாக 15 டொலர் கொடுப்பது கொழும்பில் சின்னப் பேச்சு. அந்த 2024 கணக்கில் அம்மா மூன்று நாளுக்கு மேல் மலை ஏறின காசு அது என்றால் பேச்சு மாறுது, இல்லையா?

இனி நம் இடத்தைப் பார்ப்போம். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிமின்னல். மற்ற மாதங்களில் மழையும் ஈரமும். பில்லின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத் திரும்பப் படிச்சுப் பாருங்க: மின்னல், கரண்ட் ஏற்ற இறக்கம், எரிந்த தடம், துரு ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை என்று சாதாரணமாக இருக்கும். நம் பக்கம் பாகத்தைக் கொல்லக்கூடியவை எதுவோ, அதுதான் வாரண்டிக்கு வெளியே நிற்கிறது. வாரண்டிக்குள் வரும் பழுதென்றாலும் இரத்தினபுரியிலிருந்து கொழும்பு 100 கிலோமீட்டர் அளவு. இறக்குவானையிலிருந்தோ பலாங்கொடையிலிருந்தோ இன்னும் கூட. கொடுக்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள். பஸ் காசோடு இரண்டு பேர் போச்சு.

இதையெல்லாம் சேர்த்து நாங்கள் வந்த முடிவு, எல்லாப் பாகத்துக்கும் ஒரே அளவு பேர் பார்க்கத் தேவையில்லை என்பது. பழுதானால் தான் மட்டும் போகும் பாகம் ஒரு வகை. மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும் பாகம் இன்னொரு வகை. கேசிங், கீபோர்ட், மௌஸ் போனால் அதோடு சரி; இதில் விலை பார்க்கலாம். பவர் சப்ளை மோசமாகப் போனால் மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொல்லலாம். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் கேசிங்கோடு சும்மா வரும் பவர் சப்ளையோடுதான் சமாளிக்கிறாங்க. ப்ரொசெசரில் ஒரு படி கீழே இறங்கியாவது பவர் சப்ளைக்குக் காசு ஒதுக்குவது நல்லது. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் பாவிக்குது என்பதைத்தான் அளக்கிறது, ஆயுளை அல்ல. அதனால் முத்திரையோடு மொடலின் விமர்சனத்தையும் தேடிப் படிக்கணும்.

டிஸ்க்குக்கு வரலாறு சொல்லும் பாடம் வேறு. எந்தப் பேரும் சாகும். நல்ல பேருக்காகக் கொடுக்கும் கூடுதல் காசைவிட, முக்கியமான ஃபைல்களுக்கு இரண்டாவது பிரதி ஒன்று வைக்க ஆகும் காசு பலன் தரும். பேக்பிளேஸ் மலிவான டிஸ்க்கைத் துணிந்து வாங்கியதன் இரகசியமே, ஒரு டிஸ்க் போனாலும் தகவலை மற்றவற்றிலிருந்து மீட்க முடிந்ததுதான். அந்த வசதியை ஒரு பென் டிரைவோடு நாமும் சின்னதாகச் செய்துகொள்ளலாம்.

மின்னலுக்கு எந்தப் பிராண்டும் பதில் இல்லை. பிளக்கைக் கழற்றணும், இன்டர்நெட் வயரையும் கழற்றணும். லயத்து வீட்டில் எர்த் வயர் சரியாக இருக்கா என்று வயரிங் தெரிந்த ஒருவரிடம் பார்க்கச் சொல்லணும்.

கடையில் “இது நல்ல பிராண்டா?” என்று மட்டும் கேட்டால் “ஆமா” என்றுதான் பதில் வரும். மொடல் நம்பர் என்ன, இலங்கையில் இதற்கு ஏஜென்ட் யார், பழுதானால் நீங்க மாற்றித் தருவீங்களா, ஏஜென்டுக்கு அனுப்பினால் எத்தனை நாள் ஆகும், எங்கள் டவுனில் கொடுத்து எடுக்கலாமா? இவற்றைக் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்க. பக்கத்து டவுனில் பொறுப்பெடுக்கும் ஒரு கடை, கொழும்பைவிட ஒரு பேர் கூடச் சொன்னாலும் கணக்கில் அது மலிவாக இருக்கலாம். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாவில் பார்த்த பிறகு பேரிலும் போட்டுப் பாருங்க. அதோடு, இது பழுதானால் வீட்டில் யாருடைய எத்தனை பேர் போகும் என்றும் கேளுங்க. வாங்குறதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிஞ்சிடும்.