ஒரே அம்பு... ஐந்து உயிர்!

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு கிளம்பியது. டவுசர் பையில் சில்லறையை எண்ணியபடி நின்ற பையன்களைக் கடைவாசலிலேயே மடக்கிப் பிடித்தது கதை அல்ல, அட்டை! மாயாவி, 1962-லிருந்து லண்டன் ‘வேலியன்ட்’ இதழில் வாராவாரம் துண்டு துண்டாக வந்த ஆசாமி. தமிழில் தனிப் புத்தகம் என்றால் தனி அட்டை வேண்டுமே? அதற்கு உள்ளூர் ஓவியர்கள் இருந்தார்கள். பிற்பாடு லயன், முத்து அட்டைகள் பலவற்றை வரைந்தவர் மாலையப்பன். அத்தனை பக்கக் கதையில் எந்த ஒரு நொடியை முகப்பில் நிறுத்துவது? தொழில் ரகசியமே அதுதான்.

அந்த வேலையை இப்போது நீங்கள் பாருங்கள். ஹீரோ, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன்.

எந்த நொடி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சங்க காலத்திலேயே வன்பரணர் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார் (புறநானூறு, 152-வது பாட்டு). ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்க்கிறது. அப்புறம் புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்க் குத்தி நிற்கிறது. நம்ப முடிகிறதா என்று கேட்காதீர்கள்... மாயாவியை நம்பினோமே!

சிக்கல் வேறு இடத்தில். ஐந்தும் ஒரே வரிசையில் என்றால் படம் ரயில் பெட்டி மாதிரி நீளும். காமிக்ஸ் அட்டையோ நெட்டுக்குத்து. தலைப்புக்கு வேறு மேலே இடம் விட வேண்டும். ஒரே வழி, மலைச்சரிவு! மேலே யானை, கீழே வலது மூலையில் புற்று, குறுக்கே அம்பின் கோடு. ஆனால் அப்படி வரைந்தால், யானைக்குப் பின்னால் நிற்கும் ஓரியின் முகம் மறைந்துபோகும். ஹீரோ முகமே இல்லாத அட்டையா? எந்த எடிட்டரும் கத்துவார். பாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். எதிரே நிற்கும் வேட்டைக்காரன் யார் என்று பாணர்களுக்குத் தெரியாது. ஓரியாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும். ‘மன்னா’ என்று புகழ்ந்து பாடியதும், அவன் கூச்சத்தில் நெளிகிறான்! மான்கறி, மது, கூடவே மலையில் விளைந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான்.

அட்டையில் வராத ஒரு நொடி அகநானூற்றில் இருக்கிறது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்களுக்குக் கொடுத்தான். இந்தக் காரி யார் தெரியுமா? அவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவன்! பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்த கை, அடுத்தவன் மலையையும் அள்ளித்தான் கொடுத்திருக்கிறது. (கணக்கு வழக்கு படித்தவன் கண்ணுக்கு இது பற்றா, வரவா என்றே புரியவில்லை.) இருவர் புகழையும் பாடிய புலவர்கள் இதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள் என்பது பெரிய விஷயம்.

செம்மேட்டில் ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. காரிக்கு அங்கே வேலையில்லை. என் அட்டையில் அவனுக்கு இடம் உண்டு... பின்பக்கத்தில், குதிரை மேல், சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறுகிற மாதிரி.