வலியுற்றோரின் இரவு

பகலில் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும் வலி, இரவில் பொறுக்கவொண்ணாததாகி விடுகிறது. பகற்பொழுதில் வருவோர் போவோர், பேச்சு, அலுவல் என மனம் பல வழிகளிற் செல்லும். விளக்கணைந்து வீடு உறங்கிய பின்னரோ, நோயாளிக்கு அவருடைய வலியே துணை. உறக்கம் கெட்டால் மறுநாள் வலி மிகுகிறது. வலி மிகுந்தால் மறு இரவும் உறக்கம் கெடுகிறது. இச்சுழலை அறுப்பது எவ்வாறு என்னும் கேள்வி நேற்று இன்று எழுந்ததன்று. மன்னர்களின் போர்களைப் பற்றி நிரம்பப் படித்திருக்கும் நாம், இக்கேள்விக்கு முன்னோர் தேடிய விடைகளையும் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

மருத்துவ மேதை இப்னு ஸீனா (980-1037) தமது 'அல்-கானூன்' பெருநூலின் முதற் பாகத்தில், வலியைத் தணிக்கும் முறைகளைத் தனியே எடுத்து ஆராய்கிறார். வலி உடலின் ஆற்றலைக் கரைத்து, உறுப்புகளை அவற்றின் தொழிலினின்றும் தடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. வலிக்குரிய காரணத்தை அகற்றுவதே மெய்யான நிவாரணம் என்றும், அபின் முதலியவை உணர்வை மரக்கச் செய்வன என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். அபினின் ஆற்றலை அறிந்த அவர் அதன் ஆபத்தையும் அறிந்திருந்தார். மருந்துகளோடு அவர் சேர்த்துரைப்பவை நம் கவனத்திற்குரியன: மென்னடை, மனத்துக்கு உவப்பான ஒன்றில் ஈடுபடுதல், இனிய இசை, அதிலும் சிறப்பாக உறக்கத்தைக் கொணரும் இசை. நோயாளியின் உறக்கமும் மருத்துவரின் பொறுப்பே என்னும் எண்ணம் இங்கே தெளிவாக இருக்கிறது. இவ்வளவும் எழுதிய அம்மேதை, இறுதிக் காலத்தில் கொடிய சூலை நோயால் துன்புற்றே ஹமதானில் மறைந்தார்.

அதே சூலை நோய் இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவமனை எழக் காரணமாயிற்று. கலாவூன் என்னும் படைத்தலைவர் டமாஸ்கஸில் அந்நோயால் வாடியபோது, நூருத்தீன் ஸங்கி நிறுவியிருந்த மருத்துவமனையிலிருந்து மருந்து கொணர்ந்து அவருக்கு அளித்தனர். நலம்பெற்ற அவர் அம்மனையை நேரிற் கண்டு வியந்து, ஆட்சி தம் கைக்கு வருமாயின் தாமும் அத்தகையதொன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். 1279இல் அவர் எகிப்தின் ஸுல்தானானார். 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனை எழுந்தது.

அதன் வக்ஃபுப் பத்திரத்தைப் பார்க்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. செல்வர், வறியர், ஆடவர், பெண்டிர், உள்ளூரார், வெளியூரார் அனைவருக்கும் அங்கு இடமுண்டு. கட்டில்கள், பஞ்சு மெத்தைகள், போர்வைகள், தலையணைகள், கோடை காலத்துக்கான விசிறிகள் ஆகியவை கூடப் பத்திரத்தில் சொல்லப்பட்டுள்ளன. மருத்துவர்கள் ஒருங்கேயோ முறைவைத்தோ இரவிலும் அங்கே தங்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது. வலியால் விழித்திருப்பவருக்காக, வலியில்லாத ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதைக் கட்டளையாகவே எழுதி வைத்தனர் எனலாம். வலியால் வருந்திய ஒருவருடைய அறம் தலையணை வரையில் எண்ணிப் பார்த்ததில் வியப்பில்லை.

காலம் மாறிற்று, மருந்துகளும் மாறின. 1805ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய மருந்தாளர் செர்டூர்னர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். முதலில் 'உறக்கந்தரும் மூலம்' எனப் பொருள்படும் பெயரிட்டார். பின்னர் மேலைப் புராணத்தின் கனவுத் தேவனான மார்ஃபியஸின் பெயரைச் சூட்டினார். அதுவே மார்ஃபின். ஆனால் மருந்து கிடைத்ததும் துயர் தீர்ந்துவிடவில்லை. அடிமைப்பழக்கம் நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால், நோயாளி வலி தாளாது கதறிய பின்னரே மருந்தளிக்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் வேரூன்றிற்று. அடுத்த வலி எப்போது வருமோ என்று காத்துக் கிடப்பவருக்கு உறக்கம் ஏது?

இவ்வழக்கத்தை மாற்றப் பாடுபட்டவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1948 முதல் இலண்டனில் மரணத்தை எதிர்நோக்கியிருந்தோருக்கான இல்லமொன்றில் தொண்டாற்றியபோது, அங்கே குறித்த நேரந்தோறும் மருந்தளிக்கப்படுவதைக் கண்டார். பின்னர் மருத்துவம் பயின்று 1957இல் மருத்துவரானார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். வலி வந்தபின் துரத்துவதினும் வருமுன் தடுப்பதே முறை என அவர் நிலைநாட்டினார். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலி பற்றி வெளியிட்ட வழிகாட்டி, மூன்று படிகளை வகுத்தது. வலியற்ற உறக்கத்தின் நேரத்தைக் கூட்டுவது முதற்படி. ஓய்வாக இருக்கையில் வலியை நீக்குவது அடுத்தது. நிற்கையிலும் நடக்கையிலும் நீக்குவது மூன்றாவது. இரவே முதலிடம் பெற்றது!

மருத்துவத்துக்காக அபினை முறைப்படி பயிரிடும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பற்பல உரிமங்கள் தேவைப்பட்டமையால், மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் அன்பர்களுடன் வலி தணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். நாளடைவில் கேரளத்தின் ஊர்தோறும் பொதுமக்களே தொண்டர்களாக நோயாளியின் இல்லம் தேடிச் செல்லும் இயக்கமாக அப்பணி விரிந்தது. 2014இல் சட்டமும் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. எனினும் வலி தணிப்பு மருத்துவம் எட்டாத இல்லங்கள் இன்றும் ஏராளம்.

நம் குடும்பங்களில் பிணியாளரை நலம் விசாரிக்கச் செல்வது நெடுநாளைய நல்வழக்கம். பழங்களோடு செல்கிறோம், ஆறுதல் கூறுகிறோம். 'இரவு உறங்கினீர்களா?' என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்? பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் தாய்மார்கள் உண்டு. வலியைச் சொன்னால் பொறுமையிழந்தவராக எண்ணுவர் என்று வாய்மூடியிருக்கும் பெரியவர்களும் உண்டு. பொறுமை என்பது மருந்தை மறுப்பதன்று. அவர்கள் வாய்திறந்து சொல்லும்படி நாமே கேட்டறிய வேண்டும். இரவில் எத்தனை நாழிகை உறங்கினார்கள், எந்நேரம் விழித்தார்கள் என்பதைக் குறித்து மருத்துவரிடம் தவறாது கூறவும் வேண்டும். மருந்தளிப்பது மருத்துவரின் கடன். அந்த இரவைப் பற்றி அவருக்கு எடுத்துரைப்பது இல்லத்தாராகிய நமது கடன்.