10 ரூபாயும் ஒரு பெயரும்

போன வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். ஒடுக்கப்பட்ட தம் மக்களின் உரிமைக்காகப் பத்திரிகை ஆரம்பிப்பது என்று இரட்டைமலை சீனிவாசன் முடிவெடுத்துவிட்டார். அதற்கு என்ன பெயர் வைத்தார்?

வாரம் முழுக்க யோசித்திருப்பீர்கள். வாருங்கள், 1893-ஆம் ஆண்டு சென்னைக்கே போய்விடுவோம்.

சீனிவாசன் போட்ட முதல் பெரிதல்ல. விளம்பரத்துக்கு 2 ரூபாய், அச்சுக்கு 8 ரூபாய். ஆக 10 ரூபாய். நான்கே பக்கம். விலை இரண்டணா. அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆனால் விளம்பரம் கொடுக்க வேண்டுமென்றால் பெயரைச் சொல்லியாக வேண்டுமே!

நல்ல பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மித்திரன் என்று முடிக்கலாம், போதினி என்று முடிக்கலாம். கம்பீரமான பெயர் வேண்டுமென்றால் அதற்கும் முன்மாதிரி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஜான் ரத்தினம் 'திராவிட பாண்டியன்' என்று பத்திரிகை நடத்தியிருந்தார். அந்த வழியிலேயே போயிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

சீனிவாசன் அந்த வழியில் போகவில்லை. அவர் கொடுத்த பெயர் ஒரே சொல்.

பறையன்.

அந்தச் சொல் அன்றைக்கு எப்படிப் புழங்கியது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயல் வரப்பில் ஏவலாக வந்தது. தெருமுனையில் விரட்டலாக வந்தது. காது கூசும் வசையாகவும் வந்தது. கேட்டவர்கள் தலைகுனிந்தே கேட்டார்கள். அதையே பத்திரிகையின் தலைப்பில், கொட்டை எழுத்தில் போட ஒருவருக்கு எப்படி மனம் வரும்?

பதில் கோயம்புத்தூரில் இருக்கிறது.

அங்கே படித்த காலத்தில் சீனிவாசன் யாருடனும் பழகாத பையன். பள்ளியில் சுமார் 400 பிள்ளைகள். ஏறக்குறைய எல்லோரும் பிராமணர்கள். நட்பு என்று வந்தால் பேச்சு வளரும். ஊர் எது, குடும்பம் எது, சாதி எது என்று கேள்வி வரும். பதில் தெரிந்த மறுகணம் நடத்தும் விதமே மாறிவிடும். அந்தப் பயத்தில் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் யாரும் எட்டிப் பிடித்துவிடாதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடப்பார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாட்டுத் தோழர்கள் இருந்தார்கள். அவருக்குத் துணை பயம் மட்டுமே.

அப்படி ஒளிந்து வளர்ந்தவர்தான் இன்று அந்தச் சொல்லைத் தானே எடுத்து ஊருக்கு முன்னால் வைக்கிறார்!

இது வீம்பா? இல்லை. அவர் போட்ட கணக்கு தெளிவானது. ஒளிந்துகொண்டு படிக்கலாம், உத்தியோகம் பார்க்கலாம், நாலு காசு சேர்க்கலாம். ஒளிந்துகொண்டு உரிமை கேட்க முடியுமா? சர்க்காரிடம் மனுக் கொடுத்தால் முதல் கேள்வியே 'நீங்கள் யார்?' என்பதுதான். அந்த இடத்தில் குரல் கம்மினால் கிணறும் கிடைக்காது, பள்ளிக்கூடமும் கிடைக்காது, நிலமும் கிடைக்காது. நான் இன்னார் என்று கூசாமல் சொல்பவனே தன் பங்கைக் கேட்டு நிற்க முடியும். சீனிவாசன் வந்து சேர்ந்த முடிவு இது.

இன்னொன்றும் உண்டு. படித்து மேலே வந்த பிறகு தங்கள் பிறப்பை மறைத்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அந்தப் பயம் எத்தகையது என்று சீனிவாசனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் படித்தவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் சேரியில் இருப்பவர்களுக்காக யார் பேசுவது?

1893 அக்டோபர். பத்திரிகை வெளிவந்தது.

இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இந்தப் பத்திரிகையை வாங்க வேண்டுமென்றால் அதன் பெயரைச் சொல்லித்தானே கேட்க வேண்டும்? அடுத்தவர் வாயிலிருந்து அடியாக விழுந்த சொல்லை, காசு கொடுத்து வாங்க வந்தவர் தன் வாயால், தன் குரலில் சொல்லியாக வேண்டும்.

சொல்வார்களா?

சொன்னார்கள்! சென்னையில் மட்டும் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன.

மூன்று மாதத்தில் மாதப் பத்திரிகை வாரப் பத்திரிகையானது. பிறகு அதற்குச் சொந்த அச்சுக்கூடமே வந்தது. 1900 வரை அந்தப் பெயர் தமிழ்நாட்டில் அச்சேறிக்கொண்டே இருந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லால் காயப்பட்டவர்கள் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய உரிமை. அதே சொல்லை இன்றும் வசையாக வீசுகிறவர்களுக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு துளி நியாயமும் கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று என்று நினைக்கிறீர்களா?

அந்தப் பெயருக்குப் பலமான எதிர்ப்பு ஒன்று எழுந்தது. எதிரிகளிடமிருந்து அல்ல. அதே மக்களின் விடுதலைக்காக இரவும் பகலும் உழைத்த ஒருவரிடமிருந்து. அவர் பெரும் படிப்பாளி, சித்த மருத்துவர். அதைவிட முக்கியம், அவர் சீனிவாசனுடைய சகோதரியின் கணவர்.

பண்டிதர் அயோத்திதாசர்!

எதிரி சூட்டிய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார் அவர். நாம் பூர்வத் தமிழர், பௌத்தர் என்றார். 1907-இல் அவரும் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'.

ஒரே குடும்பம். ஒரே லட்சியம். பெயரில் மட்டும் நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள்.

மைத்துனரின் தீர்ப்பை அயோத்திதாசர் எந்த ஆதாரங்களைக் கொண்டு மறுத்தார்? அடுத்த வாரம் ராயப்பேட்டையில், 'தமிழன்' அலுவலகத்தில் சந்திப்போம்.