வன்னி மரமும் இருபத்தொன்பது நியமங்களும்

உத்தியோக நிமித்தம் நான் ஜோத்பூருக்கு மாற்றலாகிப் போனது 1986-ல். புது வீட்டில் நவக்ரஹ ஹோமம் செய்ய ஏற்பாடாயிற்று. சனி பகவானுக்கு வன்னி ஸமித்து வேண்டும் என்றார் வாத்யார். வீட்டுக்குப் பின்னாலேயே வன்னி மரம் நின்றது. அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன்.

கிளையில் கை வைத்ததும், எங்களுக்குப் பால் கொண்டுவரும் பெரியவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “பாபுஜி, பச்சை மரம்” என்றார். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்ந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து என்னிடம் கொடுத்தார். ஹோமத்துக்கு வேண்டியதும் காய்ந்த ஸமித்துதானே! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் பிஷ்ணோய் வகுப்பைச் சேர்ந்தவர். ‘பீஸ்’ என்றால் இருபது. ‘நௌ’ என்றால் ஒன்பது. குரு ஜம்பேஷ்வர் 1485-ல் வகுத்த 29 நியமங்களைக் கடைப்பிடிப்பதால் வந்த பெயர் என்பார்கள். அந்த மஹான் 1451-ல் நாகௌர் பக்கத்துப் பீபாஸர் கிராமத்தில் பிறந்தவர். விடியற்காலை ஸ்நானம், ஹோமம், ஸத்யம், க்ஷமை ஆகியவற்றோடு, பச்சை மரத்தை வெட்டாதே, ஜீவன்களிடம் தயை காட்டு, தண்ணீரையும் பாலையும் வடிகட்டு, விறகைப் பூச்சி பார்த்து அடுப்பில் வை என்பவையும் அந்த நியமங்களில் அடங்கும். இறந்தவர்களைத் தகனம் செய்யாமல் புதைப்பதும் இவர்கள் வழக்கம். அதனால் மரம் மிஞ்சுகிறது.

வன்னிக்கு அங்கே ‘கேஜ்ரி’ என்று பெயர். பாலைவனத்தின் கல்பவ்ருக்ஷம் அது. ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்கும். தழை ஆடு மாடுகளுக்கு; ‘ஸாங்ரி’ என்ற காய் மனிதர்களுக்கு. அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதால் நிழலிலேயே கம்பு விளையும். 1983-ல் அது ராஜஸ்தானின் மாநில மரமாயிற்று.

1730-ல் ஜோத்பூர் மஹாராஜா அபய்சிங்கின் புதிய மாளிகைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள கேஜட்லி கிராமத்துக்கு ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள். அம்ருதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டார். மரத்துக்காகத் தலையைக் கொடுப்பதில் நஷ்டமில்லை என்று சொல்லி உயிரை விட்டார். அவருடைய மூன்று பெண்களும் அப்படியே. செய்தி பரவி, சுற்றுக் கிராமத்து பிஷ்ணோய்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து மரத்தைத் தழுவினார்கள். மொத்தம் 363 பேர் மாண்டார்கள் என்பது வழிவழியாக வரும் கணக்கு. மஹாராஜா மன்னிப்புக் கேட்டு, பிஷ்ணோய் கிராமங்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்தார். இன்றும் பாத்ரபத சுக்ல தசமியன்று அங்கே மேளா நடக்கிறது. கேஜட்லிக்கு ஒருமுறை போய் நமஸ்கரித்துவிட்டு வந்தேன்.

வன்னி நமக்கு அந்நியமா என்ன? வேள்வித் தீ கடையும் அரணிக்கு வன்னியின்மேல் முளைத்த அரச மரமே உத்தமம் என்பது வைதிக மரபு. விஜயதசமியில் சமீ பூஜை செய்கிறோம். விருத்தாசலம் ஆலயத்தின் ஸ்தல வ்ருக்ஷமும் வன்னிதான்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? ஓய்வு பெற்று வந்து சேர்ந்த அடுக்ககத்தில், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒரு வேப்ப மரத்தை வெட்டத் தீர்மானம் வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பால்காரப் பெரியவரின் கை நினைவுக்கு வந்தது. அதற்குள் மரம் விழுந்துவிட்டது.

அன்றுதான் ஒன்று புரிந்தது. நான் மரத்தைப் பூஜித்தேன். அவர் மரத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார். எனக்கு அது வருஷத்தில் ஒரு நாள். அவருக்கு ஸ்நானத்தைப் போல நித்ய கர்மா. ஐந்நூறு வருஷங்களாக அவர்கள் பக்தி நீடிப்பதன் ரகசியம் இதுவே. அண்மையில்கூட, பீகானேர் பக்கம் சூரிய மின்சாரத் திட்டங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிஷ்ணோய்கள் போராடினார்கள். திட்டம் நல்லதாயிருந்தாலும் நியமம் நியமம்தான்.

எந்த ஊரிலிருந்தாலும், நம் குடியிருப்பில் மரம் வெட்டத் தீர்மானம் வரும் நாள் ஒன்று வரும். அன்று கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் நிற்போம். நான் நிற்கவில்லை.