குருதி கூறும் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நாடுகிறோம். அவற்றிலே அரசர் பெயர் உண்டு. போரில் வென்றோர் பெயர் உண்டு. குடியேறிய சாதாரண மக்களையும், அவர்தம் மனைவியரையும் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. ஏடுகள் விட்ட செய்திகள் சிலவற்றைக் குருதி கூறுகின்றது.

நெல்லியடிச் சந்தைக்கு வரும் நூறு பேரின் குருதி வகையைக் கேட்போமாயின் ஓ, ஏ, பி, ஏபி என்னும் நான்கும் கிடைக்கும். மாத்தறையிலும் அந்த நான்கே, நோர்வேயிலும் அவையே. வேறுபடுவது அவற்றின் விகிதம். ஒரு மக்கட் கூட்டத்தில் ஒரு பரம்பரையலகு எத்துணைப் பங்கு காணப்படுகிறதோ, அதனை அதன் மீடிறன் என்பர்.

குருதியில் வகைகள் உண்டென்பதைக் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதலாம் உலகப் போரின்போது சலோனிக்காவிற் கூடியிருந்த பல நாட்டுப் படைவீரரின் குருதியை லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் சோதித்தனர். ஐரோப்பியரிடம் ஏ வகையும் இந்தியரிடம் பி வகையும் மிகுதி என்று 1919இல் அறிவித்தனர்.

இம்முறை ஐஸ்லாந்தில் நல்ல பயன் தந்தது. கி.பி. 870 முதல் 930 வரை அத்தீவிற் குடியேறியோர் பெரும்பாலும் நோர்வேயர் என்று பழைய ஏடுகள் கூறும். ஆனால் அம்மக்களின் குருதி வகை விகிதமோ அயர்லாந்தையும் ஸ்கொட்லாந்தையும் ஒத்திருந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் புதிரை விடுவித்தன. தந்தை வழியில் நான்கில் மூன்று பங்கு ஸ்கண்டிநேவியாவைச் சார்ந்தது. தாய் வழியிலோ பாதிக்கு மேற்பட்ட பங்கு அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பகுதிகளைச் சார்ந்தது. மனைவியராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட பெண்களின் வரலாறு இவ்வாறு வெளிப்பட்டது.

நமது நாட்டுக்கு வருவோம். விசயனும் அவன் தோழரும் வடக்கிலிருந்து வந்தனர் என்றும், அவர்களுக்கு மனைவியர் மதுரையிலிருந்து வந்தனர் என்றும் மகாவம்சம் கூறுகிறது. இக்கதையைக் குருதிச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆர்.எல். கேர்க் என்னும் அறிஞர் 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிங்களவர் குஜராத், பஞ்சாப் மக்களைவிடத் தென்னிந்தியத் தமிழரையும் கேரளத்தாரையும் வங்காள உயர்குலத்தாரையும் நெருங்கியவர் என்பது அவர் முடிவு. 2023இல் வெளியான விரிவான ஆய்வும் சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மிக நெருங்கியவர் என்றே காட்டியது. வேடர் மட்டும் தனித்து நிற்கின்றனர். சிறு கூட்டமாக நெடுங்காலம் ஒதுங்கி வாழ்வோரிடையே சில பரம்பரையலகுகள் தற்செயலாகவே பெருகும், சில மறையும்.

எனினும் மீடிறன் கூட்டத்தைப் பற்றிய கணக்கே. தனியொருவர் இன்ன இனத்தார் என்று ஒரு துளிக் குருதி கொண்டு தீர்ப்புக் கூற அது உதவாது; மண்ணுக்கு உரிமை கோரவும் உதவாது. குருதித் தூய்மை பேசிய நாத்சிகள் ஹிர்ஷ்ஃபெல்டையே, யூதக் குலத்திற் பிறந்தவர் என்று வார்சா நகரின் யூதர் அடைப்பிடத்தில் அடைத்தனர்.

நெல்லியடியில் நோயுற்ற ஒருவருக்கு உடன்பிறந்தான் குருதி ஒவ்வாது போகலாம். மாத்தறையில் வாழும் முகமறியாத ஒருவரின் குருதி ஒத்துவரலாம். போரால் நெடிது வருந்திய இத்தீவினர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.